முழங்கைக்குள் ஒரு குறுவாள்!

பாங்காக் போகிறவர்கள் கோயில், கடைவீதி என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு சாயங்காலம் ராஜதம்னன் ஸ்டேடியத்துக்கும் போய்ப் பாருங்க சார். 1945-ல் திறந்த அரங்கம். 'முவாய் தாய்' குத்துச்சண்டைக்குப் பேர் போன இடம்.

மேடை ஏறியதும் அடிதடி கிடையாது. தலையில் ஒரு வளையம், நாயனம் மாதிரி ஒரு குழலிசை, அதற்கேற்ப மெல்ல ஆடிக்கொண்டே ஆசானுக்கு வணக்கம். பெயர் 'வாய் க்ரூ'. க்ரூ என்றால் நம்ம குருதான்! 'அட, அரங்கேற்றமா?' என்று தோன்றும். மணி அடித்ததும் தெரியும் சங்கதி.

கை, கால், முழங்கால் எல்லாமே ஆயுதம். ஆனால் பயப்பட வேண்டியது முழங்கைக்கு. கையிலாவது கிளவுஸ் இருக்கு. இது வெறும் எலும்பு. புருவத்தில் உரசினால் பிளேடு போட்ட மாதிரி கிழியும். வலியைப் பொறுத்துக்கலாம். ரத்தம் கண்ணுக்குள் வழிந்தால்? டாக்டர் பார்த்துவிட்டு 'போதும்' என்றால் ஆட்டம் க்ளோஸ். அதுவரை ஜெயித்துக்கொண்டிருந்தவர், தோற்றவர்!

பழைய பாடத்தில் ஓர் அடி உண்டு... 'இனாவ் தேங் க்ரிட்'. இனாவ், தாய்லாந்து இலக்கியத்தில் வரும் ஜாவா இளவரசன். க்ரிட், அவன் குறுவாள். எதிராளி நேராகக் குத்து விட்டால் நாமெல்லாம் பின்னால்தானே நகர்வோம்? இங்கே உல்டா. அந்தக் கைக்கு உட்பக்கமாகப் பாய்ந்து நெருங்கி, மடக்கிய முழங்கையை விலாவில் இறக்கணும். (பஸ்ஸில் சீட் பிடிக்க இடிப்பது இதில் சேராது!) கொஞ்சம் தாமதித்தாலும் அந்தக் குத்து நம் தாடையில்.

சண்டை முடிந்து இறங்குகிறவர்களின் புருவத்தைக் கவனியுங்கள். பழைய தையலுக்குப் பக்கத்திலேயே புதுப் பிளாஸ்திரி!