சுடாத ஜ்வாலை

கனடாவின் பனிக்காலத்தில் எங்கள் வரவேற்பறையை அலங்கரிக்கும் மின்கணப்பில் ஜ்வாலை மாத்திரம் ஆடி அனல் வராதபோது, யந்திரமே பழுதென்று தீர்மானிப்பது அவசரம் என்பேன். ஏனெனில் அந்த ஜ்வாலை, எல்.இ.டி. ஒளியைச் சுழலும் தண்டின் பளபளப்பான தகடுகள் சிதறடித்துக் காட்டும் மாயை (வேதாந்திகளுக்கு நல்ல திருஷ்டாந்தம்!), உஷ்ணம் தரும் கம்பிச்சுருளோ தனியே இருக்கிறது. தெர்மோஸ்டாட்டில் குறித்த அளவு அறையின் உஷ்ணத்தைவிடத் தாழ்ந்திருந்தாலும், காற்றுத் துவாரத்தைத் தூசி அடைத்ததால் உள்ளிருக்கும் காப்பு விசை மின்சாரத்தைத் துண்டித்திருந்தாலும் அனல் வராது. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, தூசியை அகற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். 1500 வாட் கணப்பு 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுப்பதால், அதே 15 ஆம்பியர் இணைப்பில் வாக்குவம் கிளீனரையும் ஓட்டினால் பிரேக்கர் விழுவது அதன் தர்மம். பிளக் சுட்டாலோ, உடனே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது.