மூச்சு நின்ற இடம்

புதுச்சேரி வட்டாரத்தில் ஒருவரின் இறப்புப் பதிவைத் தேடப் புறப்படும் அனுபவசாலி, முதலில் உயிர் எங்கே பிரிந்தது என்று கேட்பார். தேதியைக் கேட்பது பிறகுதான். இறப்பு நேர்ந்த இடத்தில்தான் பதிவாகும். சொந்த ஊருக்கோ அடக்கம் நடந்த ஊருக்கோ அதில் பங்கில்லை. பாரதிதாசன் பிறந்தது, வாழ்ந்தது, அடக்கமானது எல்லாம் புதுச்சேரியில். ஆனால் 1964 ஏப்ரல் 21 அன்று அவர் உயிர் பிரிந்தது சென்னைப் பொது மருத்துவமனையில். எனவே அந்த இறப்பு சென்னைப் பதிவேட்டுக்குரியது. கல்லறையை வைத்துக்கொண்டு பதிவேட்டைத் தேடுகிறவர்கள் அலைவது இதனால்தான்.

இடம் என்ற கேள்வி மற்ற ஊர்களைவிட இங்கே கடினமானது. பிரெஞ்சு ஆட்சிப் பகுதி ஒரே துண்டாக இருந்ததில்லை. வில்லியனூர், பாகூர் பக்கத்தில் வரப்புக்கு இப்பால் பிரெஞ்சு மண், அப்பால் தென்னார்க்காடு. இப்பால் இறந்தவர் கொம்யூன் எனப்பட்ட பிரெஞ்சு நகராட்சி அலுவலகத்தின் பிரெஞ்சு ஏட்டில் ஏறினார். அப்பால் இறந்தவர் 1899ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டப்படி கிராமக் கணக்கில் ஏறினார். பெண் கொடுத்து எடுத்தவர்கள் இந்த எல்லையைப் பொருட்படுத்தியதில்லை. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போன பெண் அங்கேயே கண்மூடியிருந்தால், புகுந்த வீட்டுக் கொம்யூனில் எத்தனை ஆண்டு புரட்டினாலும் அவள் பெயர் கிடைக்காது. இன்று அதே சிக்கல் தலைகீழாக நடக்கிறது. கடலூர், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு இறப்பவர்களின் பதிவு உழவர்கரை நகராட்சியில் இருக்கும். உடலை ஊருக்கு எடுத்துப் போன குடும்பம் சான்றிதழுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நிற்கும்.

ஊரின் பெயர் தெரிந்தாலும் கொம்யூனின் பெயர் தெரிய வேண்டும். 1880 மார்ச் 12 ஆணை புதுச்சேரிப் பகுதியில் நான்கு கொம்யூன்களை மட்டுமே அமைத்தது: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். காரைக்காலில் மூன்று, அவற்றில் திருமலைராயன்பட்டினம் பிரெஞ்சு ஏடுகளில் 'கிராந்த் ஆல்தே' என்றே வரும். பின்னாளில் கொம்யூன்கள் பிரிந்து பெருகின. நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த ஒரு சிற்றூரின் 1890ஆம் ஆண்டு இறப்பைப் பழைய நான்கில் ஒன்றின் கீழ்தான் தேட வேண்டும்.

காலத்தில் பின்னே போகப் போக ஏடுகளின் தன்மை மாறுகிறது. மிகப் பழையவை கப்புச்சின் துறவிகளின் கோயில் ஏடுகள். 1676 முதல் தொடங்குபவை. ஆளுநராக இருந்த அல்ஃப்ரெத் மார்த்தினோ அவற்றைச் சுருக்கி அச்சிட்ட முதல் தொகுதி 1735 வரை போகிறது. ஐரோப்பியர், தொப்பாசுகள் எனப்பட்ட கலப்பினத்தார் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. தமிழ்க் கிறிஸ்தவர்களோ சேசு சபையாரின் பங்கைச் சேர்ந்தவர்கள். இந்துக்களும் இசுலாமியரும் இந்த ஏடுகளில் வரவேமாட்டார்கள். 1761 ஜனவரியில், நகரம் ஆங்கிலேயரிடம் விழும் தறுவாயில் இறந்த நாட்குறிப்பாளர் ஆனந்தரங்கப் பிள்ளையை எந்தக் கோயில் ஏட்டிலும் தேடிப் பயனில்லை. பிரெஞ்சு சிவில் சட்டம் 1819இல் இங்கே நடைமுறைக்கு வந்தது. இந்தியர்களின் பதிவை ஒழுங்குபடுத்திய ஆணை 1880 ஏப்ரலில் வந்தது. சாதாரணக் குடியானவரின் இறப்பை ஓரளவு நம்பிக்கையோடு தேடக்கூடியது இதற்குப் பிறகுதான்.

இந்தப் பதிவை ஊரார் இன்றும் 'எத்தா சிவில்' என்றே சொல்கிறார்கள். இறப்புப் பதிவு ஒவ்வொன்றும் ஒரே வார்ப்பு. ஓரத்தில் வரிசை எண்ணும் இறந்தவர் பெயரும். முதல் வரியில் ஆண்டு, மாதம், நாள், மணி எல்லாம் எழுத்தால். தேதியை எண்ணால் எழுதலாகாது, எதையும் சுருக்கி எழுதலாகாது என்பது சிவில் சட்டத்தின் 42ஆம் பிரிவு. அந்தத் தேதி அறிவிப்பு வந்த தேதி. இறந்த நேரம் சில வரி தள்ளி, 'நேற்று மாலை நான்கு மணிக்கு' என்பதுபோல வரும். பிரெஞ்சு அரைகுறையாகத் தெரிந்தவர்கள் முதல் தேதியையே குறித்துக்கொண்டு போய்விடுவது வழக்கம். அடுத்து, இறப்பை அறிவித்த இருவரின் பெயர், வயது, தொழில், இருப்பிடம். அதற்குப் பிறகு இறந்தவரின் பெயர், வயது, தொழில், மணத்துணை, தெரிந்தவரை தாய் தந்தை பெயர்.

இவற்றில் மிகப் பலவீனமானது இறந்தவரின் வயது. ஐம்பது, அறுபது, எழுபது என்று முழு எண்களாகவே குவிந்திருப்பதைப் பார்த்தால், அது அறிவித்தவரின் உத்தேசம் என்பது புரியும். அதிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்துக் கணக்கிடுவது வீண் வேலை. மிக உறுதியானது பலரும் கண்ணை ஓட்டிவிட்டுப் போகும் கடைசி வரி: அறிவித்தவர்களின் கையெழுத்து. எழுத்தர் தன் காதுக்குக் கேட்டபடி பிரெஞ்சில் எழுதிய பெயருக்குக் கீழே, மைத்துனரோ அண்டை வீட்டுக்காரரோ தம் பெயரைத் தமிழில் தாமே எழுதியிருப்பார். அதே கையெழுத்து வேறொரு பதிவில் வந்தால், குடும்பம் அகப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

பெயர்களை எழுத்தர்கள் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கிருஷ்ணசாமி கிச்செனசாமி ஆவார். சின்னசாமி 'எஸ்' வரிசையிலும் இருக்கலாம், 'சி' வரிசையிலும் இருக்கலாம். கந்தசாமி 'கே'யிலோ 'சி'யிலோ. ஆண்டு முடிவில் சேர்க்கப்படும் அகரவரிசையும் பத்தாண்டு அட்டவணையும் முதல் எழுத்தை நம்பியவை. ஆகவே வாய்விட்டு உச்சரித்துப் பார்த்து, வரக்கூடிய எல்லா எழுத்திலும் தேடுவதே வழி. குடும்பப் பெயர் இல்லாதவர்கள் தம் பெயரிலேயே இருப்பார்கள். மணமான பெண் கணவர் பெயரில் இருக்கமாட்டாள்.

குடும்பப் பெயர் இல்லாமைக்கு விலக்கு ரெனோன்சான்கள். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு வந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைச் சூடிக்கொண்டார்கள். அந்த இயக்கத்தை முன்னின்று நடத்திய வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' ஆனார். அப்பா ஒரு பெயரில், மகன் இன்னொரு பெயரில். அண்ணன் தம்பிகள்கூட வேறு வேறு குடும்பப் பெயர் எடுத்திருக்கலாம். ஆகவே துறவுப் பதிவைக் கண்டுபிடிக்காமல் இறப்புப் பதிவுக்குப் போவது திசை தெரியாமல் நடப்பதுதான்.

உள்ளூர் ஏடு கரையான் தின்றதாகவோ கிழிந்ததாகவோ இருந்தால் முடிந்துபோனதென்று விட வேண்டியதில்லை. பிரெஞ்சு முறையில் ஏடு இரண்டு அசலாக எழுதப்படும்: ஒன்று கொம்யூனுக்கு, மற்றொன்று நீதிமன்றப் பதிவகத்துக்கு. 1776ஆம் ஆண்டு அரசாணை காலனிகளிலிருந்து இன்னொரு படியை வெர்சாய்க்கு அனுப்பச் சொன்னது. அந்தப் படிகள் இப்போது எக்ஸ்-அன்-ப்ரொவான்சில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நூறாண்டு கடந்த ஏடுகள் பலவற்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். புதுச்சேரி லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளையும் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை சார்ந்த பிற்காலப் பதிவுகளுக்கு பிரான்சின் நாந்த் நகரில் உள்ள மையப் பதிவு அலுவலகம்.

சொல்தா எனப்படும் பிரெஞ்சுப் படைவீரர் குடும்பங்களின் தேடல் தனி. முதல் உலகப் போரில் இறந்தவர்களின் பதிவு, கடைசியாகக் குடியிருந்த கொம்யூனின் ஏட்டில் படியெடுத்துச் சேர்க்கப்பட்டது. படி வந்து சேர மாதங்களோ ஆண்டுகளோ ஆகியிருக்கும். 1916இல் இறந்தவர் 1919 ஏட்டில் கிடைத்தால் வியப்பில்லை. பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுக்கு வந்த 1962 ஆகஸ்டு 16க்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த ஒப்தான்களுக்கு இரட்டைத் தடம் உண்டு: உள்ளூர் நகராட்சிப் பதிவு ஒன்று, அதைக் கொண்டு பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் ஏற்றியது இன்னொன்று. விதவை ஓய்வூதியத்துக்குப் பின்னதையே கேட்பார்கள். முன்னது இல்லாமல் பின்னது வராது.

தேதியைப் பொறுத்தவரை ஒரு நாள் முன்பின் தேடுவது நல்லது. விடிந்தால்தான் அடுத்த நாள் என்பது நம் வழக்கம்; அலுவலகத்துக்கு நள்ளிரவில் நாள் மாறிவிடும். புதுச்சேரியில் பத்தாண்டு வாழ்ந்த பாரதியாரின் நினைவு நாளை 1921 செப்டம்பர் 11 என்று ஊர் கொண்டாட, நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்ததால் சென்னை மாநகராட்சிப் பதிவு 12 என்கிறது. திதியை மட்டும் நினைவில் வைத்திருக்கும் குடும்பங்களிடம் பஞ்சாங்கத்தைக் கொடுத்து ஆங்கிலத் தேதி காணச் செய்யலாம். சம்பா கோயில், கப்ஸ் கோயில் போன்ற பங்குகளின் அடக்க ஏடும், பள்ளிவாசல் ஜமாத் ஏடும் தேதியை நெருங்க உதவும். ஆனால் அவற்றில் இருப்பது அடக்க நாள்.

இப்போதைய பதிவு 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. 21 நாளுக்குள் தெரிவித்துவிட்டால் சிக்கலில்லை. சான்றில் இறப்பின் காரணம் இருக்காது. பதிவேட்டில் இருந்தாலும் வெளியிடக்கூடாது என்று 17ஆம் பிரிவு தடுக்கிறது. குடும்பத்தில் பரம்பரை நோய் உண்டா என்று அறியப் பதிவைத் தேடுகிறவர்கள் மருத்துவமனை ஏட்டைத்தான் நாட வேண்டும்.

தேடியும் கிடைக்காவிட்டால் 'பதிவு இல்லை' என்ற சான்றை எழுத்தில் வாங்குவது அவசியம். ஓராண்டு கடந்த இறப்பை நடுவரின் உத்தரவு பெற்றே பதிய முடியும். 2023 திருத்தத்துக்குப் பிறகு அந்த அதிகாரம் மாவட்ட, உட்கோட்ட நடுவர்களிடம் இருக்கிறது. அப்படித் தாமதமாக ஏறிய பதிவு, இறந்த ஆண்டின் ஏட்டில் இராமல் பதிந்த ஆண்டின் ஏட்டில் இருக்கும். ஆகவே 1980களில் நடந்த இறப்பு அந்தப் பத்தாண்டு ஏடுகளில் அகப்படவில்லை என்றால், சொத்துப் பாகம் பிரிந்த ஆண்டையோ ஓய்வூதியம் கோரிய ஆண்டையோ விசாரித்து, அந்த ஆண்டின் ஏட்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.