வரி கட்டும் உரிமை

மே திங்கள்! மலர்க் காட்சி காண மாநிலமெங்கும் இருந்து மக்கள் மலையேறி வருகிறார்கள். உதகைப் பூங்காவிலே வண்ண மலர்கள். குன்னூர் சிம்ஸ் பூங்காவிலே கனிகளின் அணிவகுப்பு. அதே பருவத்தில், எவரும் படம் பிடிக்காத வேறொரு காட்சியும் நடக்கிறது. வட்டாட்சியர் அலுவலக முற்றத்திலே, கையில் மனுவும் கண்ணில் கவலையுமாக நிற்கும் மக்கள் வரிசை! ஊர்க் கணக்குகளை ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்யும் ஜமாபந்தி அது.

பள்ளிக்கு விடுமுறை. தேநீர்க் கடையின் மாடியில் நாங்கள் நடத்தும் படிப்பகத்தில், ஒரு கிழமை முழுவதும் ஒரே பொருளைப் படிப்பது, ஞாயிறன்று பட்டிமன்றம் நடத்துவது என்று முடிவாயிற்று. பொருள்: 'நிலவரி ஒழிக்கப்பட வேண்டுமா?' ஒழிக்கப்பட வேண்டும் என்ற அணிக்கு என்னைத் தலைவனாக்கினார்கள். எளிதான வேலை என்றெண்ணி மகிழ்ந்தேன். வரி என்றால் வெறுக்காதவர் உண்டோ!

முதல் இரண்டு நாள் ஏடுகளோடு கழிந்தன. சுவையான செய்திகள் கிடைத்தன. கவளமாக ஊட்டினால் சிறு நிலத்து நெல்லும் யானைக்குப் பல நாள் போதும், யானையே வயலில் புகுந்தாலோ வாயிற் புகுவதினும் காலால் கெடுவதே மிகுதி என்று பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் அறிவுறுத்தியது புறநானூற்றிலே இருக்கிறது. முதலாம் இராசராசன் 1001-ஆம் ஆண்டை ஒட்டிச் சோழ நாட்டு நிலத்தை அளந்தான். பிறகு ஆண்டவர்கள் மாறினார்கள், சொற்கள் மாறின. பசலி, கிஸ்தி, ஜமாபந்தி, தாசில் என்று நம் உழவனின் நாவிலே அயல்மொழிச் சொற்கள் குடியேறின. கொடுப்பவன் மட்டும் மாறவில்லை!

1820 முதல் 1827 வரை சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, அரசுக்கும் உழவனுக்கும் இடையே ஜமீன்தார் இல்லாத ரயத்துவாரி முறையை நிலைநாட்டினார். இடைத்தரகர் இல்லை, நல்லதுதான். ஆனால் 1864-இல் வகுத்த விதிப்படி நிகர விளைவிலே பாதி வரை அரசுக்கு உரியது என்றாயிற்று. வானம் பொய்த்தாலும் வாயிலில் வந்து நின்றது கிஸ்தி! 1928-இல் பர்தோலியிலே வரி உயர்வை எதிர்த்து உழவர்கள் கட்ட மறுத்து வென்ற வரலாற்றையும் குறித்துக் கொண்டேன். என் பேச்சுக்குப் படைக்கலங்கள் குவிந்துவிட்டன என்று இறுமாந்தேன்.

மூன்றாம் நாள், படகர் இனத்துத் தோழர் ஒருவர் தம் ஹட்டிக்கு எங்களை விருந்துக்கு அழைத்தார். களியும் அவரைக் குழம்பும் பரிமாறினார்கள். உண்டு முடித்ததும், அவருடைய தந்தையார் மரப் பெட்டியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துவந்து அவிழ்த்தார். பாட்டன் காலம் தொட்டுச் சேர்த்த கிஸ்தி ரசீதுகள்!

"ஐயா, இந்த வரி உங்களை வாட்டுகிறதல்லவா?" என்று ஆவலோடு கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "தம்பி, இரண்டு ஏக்கருக்கு நான் கட்டுகிற வரி, பேருந்துச் செலவுக்குக் காணாது. பச்சைத் தேயிலைக்கு விலையில்லை, அதைப் பேசுங்கள். வரியை எடுத்துவிட்டால் ரசீது வருமா? ரசீது இல்லாவிட்டால் என்னிடம் என்ன இருக்கிறது?"

என் படைக்கலங்களில் ஒன்று முனை மழுங்கியது. வெள்ளையர் ஆட்சியிலே அரசின் வருவாய்க்கு அடித்தளமாக இருந்த நிலவரி, இன்று மாநில வருவாயிலே மிகச் சிறு துளி. அந்தத் துளியை எதிர்த்தா நான் முழங்கப் போகிறேன்?

ஐந்தாம் நாள் கூடலூர் சென்றோம். உதகை, பைக்காரா, நடுவட்டம் கடந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். 1877-இல் மலபாரின் வயநாட்டிலிருந்து பிரித்து நீலகிரியோடு சேர்க்கப்பட்ட மண் அது. அங்கே ரயத்துவாரி இல்லை. நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்மம்! காடும் மேடும் ஒரு குடும்பத்தின் பிறப்புரிமையாம். பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிப்பதை எதிர்க்கிறோமே, பிறப்பினால் மலையே சொந்தம் என்பது அதன் உடன்பிறப்பல்லவா?

அந்த ஜன்மத்தை ஒழித்து ரயத்துவாரியாக்க 1969-இல் சட்டம் வந்தது. வழக்குகளும் வந்தன. 1972-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் ஒரு பகுதியைச் செல்லாதென்றது. 1974-இல் அச்சட்டம் அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அந்த அட்டவணை அசைக்க முடியாத அரண்தானா என்ற கேள்வியை ஒன்பது நீதிபதிகள் ஆராய்ந்து, 1973 ஏப்ரல் 24-க்குப் பின் அதில் சேர்த்த சட்டங்களும் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்புக்கு உட்பட்டவையே என்று 2007-இல் தீர்ப்பளித்தார்கள். இந்தியா முழுமைக்கும் வழிகாட்டிய அத்தீர்ப்பின் ஊற்று, நம் கூடலூர் மண்!

தீர்ப்பு டில்லியிலே பெரிது, தேவாலாக் குடிசையிலே? தோட்டக் குத்தகைக்கு விடப்பட்ட நிலங்களைப் பற்றிப் பேசும் 17-ஆம் பிரிவு அங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த சொல். 'பிரிவு பதினேழு' என்று சொல்லிவிட்டுப் பெருமூச்சு விடுகிறார்கள். அந்த மண்ணிலே தலைமுறைகளாக வாழும் பழங்குடியினர் உண்டு. உணவு உற்பத்திக்காக மலையேறி வந்த உழவர் உண்டு. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தினால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு வந்த தமிழர் உண்டு. பட்டா மட்டும் இல்லை!

மிளகுக் கொடியருகே நின்ற ஒரு முதியவர் கேட்டார்: "வரியை ஒழிக்கவா பேசுகிறீர்கள்? என்னிடமிருந்து ஒரு ரூபாயாவது வாங்கச் சொல்லுங்கள். நான் இங்கே இருக்கிறேன் என்று கணக்கில் எழுதட்டும்."

திரும்பும் வழியெல்லாம் நான் பேசவில்லை. வரி கட்ட மறுத்துப் போராடியவர்களைப் படித்தேன். வரி கட்ட இடங்கேட்டு நிற்பவரை எந்த ஏட்டிலும் படிக்கவில்லையே!

ஆறாம் நாள் படிப்பகத்தில் கடும் வாதம். எதிரணித் தோழர் அஞ்சலக எழுத்தர், எண்களோடு வந்தார். "ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வரி என்று வைத்துக்கொள். ஒழித்தால் இரண்டு ஏக்கர்க்காரனுக்குப் பத்து ரூபாய் மிச்சம். இரண்டாயிரம் ஏக்கர்த் தோட்டத்துக்குப் பத்தாயிரம் மிச்சம். உன் புரட்சியிலே யாருக்கு இலாபம்?" என்றார். 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் 30 தர ஏக்கர் என்று வரையறுத்தது, 1970-இல் அது 15 ஆயிற்று, தேயிலைத் தோட்டங்களுக்கோ விலக்கு அளிக்கப்பட்டது என்பதையும் எடுத்துக் காட்டினார். 1879-இல் 'முன்னேற்றமும் வறுமையும்' எழுதிய அமெரிக்க அறிஞர் ஹென்றி ஜார்ஜின் கருத்தையும் சொன்னார். உழைப்பின் மீது வரி போடாதே. ஊரார் முயற்சியால் உயரும் நில மதிப்பின் மீது வரி போடு என்பது அது. 1899-இல் இரயில் குன்னூருக்கு வந்தது. பாதை போட்டவன் கூலியாள். அதனால் உயர்ந்த மனை விலையைப் பெற்றவன் யார்?

விடை கூற இயலாமல் வீடு திரும்பினேன். வீடு என்கிறேன், அது தோட்டத்து லைன் வீடு. நான் பிறந்ததும், விளக்கடியிலே படித்துப் பட்டம் பெற்றதும் அங்கேதான். முப்பது ஆண்டுகளாகக் கொழுந்து பறிக்கும் என் அம்மா, அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு வேலையளிப்பவர் வீடு தர வேண்டும் என்று 1951-இலேயே சட்டம் வந்தது. வேலை உள்ளவரை வீடு, வேலை முடிந்ததும்?

கறை படிந்த விரல்களால் தேநீர் ஆற்றித் தந்து அம்மா கேட்டார்: "நாளைக்கு என்னப்பா பேசப் போற?"

"நிலவரியை ஒழிக்கணும்னு பேசப் போறேம்மா."

அம்மா சற்று நேரம் அடுப்பையே பார்த்திருந்தார். "வரி கட்டுறதுக்கு நம்மகிட்ட எந்த நெலம் இருக்கு சாமி?"

அந்த ஒரு வினாவிலே என் உரை முழுவதும் உதிர்ந்தது. சென்ற ஆண்டு வீட்டுமனை கேட்டு அம்மா கொடுத்த மனு, தோட்ட நிலம் என்ற ஒரு வரி விடையோடு திரும்பி வந்ததை அப்போது நினைத்தேன். அந்த மனுவை எழுதியவன் நான். அத்தோடு மறந்தவனும் நானே. மேடைக்கு மேற்கோள் தேடிய நான், வீட்டிலே இருந்த வழக்கை எடுத்து நடத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேசினேன். "தோழர்களே, நான் அணி மாறவில்லை, கேள்வியை மாற்றுகிறேன். சிறு நிலத்தான் மீது வரி வேண்டாம். ஆனால் அவன் பெயர் கணக்கில் இருக்கட்டும், ரசீது இருக்கட்டும். பெருநிலத்தான் மீது அளவுக்கேற்ப வரி ஏறட்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, நிலமே இல்லாதவனுக்கு வரி கட்டும் உரிமை வரட்டும்! உழுதவன் பெயரும் கொழுந்து பறித்தவள் பெயரும் இல்லாத பதிவேடு, நாட்டின் கணக்காகாது, சிலரின் கணக்கே!" என்றேன். வரி ரசீது முழு உரிமைப் பத்திரமாகிவிடாது என்று எதிரணியினர் இடைமறித்தார்கள். உண்மைதான், ஆயினும் ஒரு துண்டு ரசீதும் இல்லாதவனிடம் பேசுவதற்கே அதிகாரிகள் தயங்குகிறார்களே, அதுவும் உண்மைதானே!

நடுவராக அமர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எங்கள் அணி தோற்றதாகத் தீர்ப்புக் கூறினார். கொடுத்த பொருளைப் பேசவில்லையாம். நியாயமான தீர்ப்பு! பிறகு அவரே மேடையை விட்டு இறங்கி வந்து, "ஜமாபந்தி முடிய இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. மனு எழுத எத்தனை பேர் வருகிறீர்கள்?" என்று கேட்டார்.

பதினொரு கைகள் உயர்ந்தன.

ஏதோ முன்வினை, தலையெழுத்து என்று சொல்லி லைன் வீட்டுக்காரனை அடக்கி வைத்தார்கள். தலையிலே எழுத்து ஏது? எழுத்து இருப்பது பதிவேட்டிலே! எழுதியவன் மனிதன், எனவே திருத்துபவனும் மனிதனே. பரம்பரைக் கர்ணம் பதவி 1980-இல் ஒழியும் என்று அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யார் நம்பியிருப்பார்?

திங்கட்கிழமை காலை படிப்பக மேசையிலே நாளேடுகளை ஒதுக்கிவிட்டு வெள்ளைத் தாள்களை அடுக்கினோம். முதல் மனு என் அம்மாவுடையது. சென்ற ஆண்டு கைநாட்டு வைத்தவர், இம்முறை தாளை என்னிடமிருந்து வாங்கி, எழுத்தெழுத்தாகத் தம் பெயரை எழுதினார். இரவுகளிலே தங்கையிடம் பழகினாராம். ஆசிரியனான எனக்குத் தெரியவில்லை.

மனு போயிருக்கிறது. விடை வரவில்லை. வரும் வரை நாங்கள் போவோம்.