வாட்ச் முடிஞ்ச பிறகு

போன செமஸ்டர் லீவில் இன்பிளான்ட் டிரெய்னிங்குக்காக மறைமலை நகரில் மாமா ரூமில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். காலை அஞ்சரைக்கே ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று போகும். பாதிப் பேர் உட்கார்ந்த உடனே தூங்கிவிடுவார்கள். மாமா மட்டும் படியில் ஏற இரண்டு நிமிஷம் எடுப்பார். இடது முட்டி மடங்காது.

மாமாவுக்கு ஊர் தூத்துக்குடி. சரக்குக் கப்பலில் ஆயிலராக இருந்தவர். நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை வாட்ச், காலையிலும் சாயங்காலமும். ஒருநாள் ராத்திரி வாட்ச் முடிந்து, குளித்து, சாப்பிட மெஸ்ஸுக்குப் படி இறங்கும்போது கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாமா கீழே விழுந்தார். ஊருக்கு அனுப்பினார்கள், ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு மெடிக்கலில் அன்ஃபிட். நஷ்டஈடு கேட்டபோது வந்த பதில்: "நீங்க அப்போ டியூட்டியில இல்லையே."

டிரெய்னிங் தொடங்கும் முன்னால் எனக்கு ஒரு ஃபார்ம் கொடுத்தார்கள். அதில் ஒரு வரி: பயிற்சி நேரத்துக்கு வெளியே நடக்கும் எதற்கும் நிறுவனம் பொறுப்பல்ல. நான் படிக்காமலே கையெழுத்துப் போடப் போனேன். மாமா வாங்கிப் பார்த்தார்.

"மருமவனே, வெளியேன்னா எங்கல?"

"கம்பெனிக்கு வெளிய, மாமா."

"அப்போ பஸ்ஸு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன்.

நம்ம நாட்டில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த அந்தச் சட்டம் மாலுமிகளுக்கும் பொருந்தியது. காயம் வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் ஏற்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் அதன் மையமாக இருந்தது. சண்டை எல்லாம் அந்த 'வேலையின் போக்கு' எங்கே முடிகிறது என்பதில்தான். சௌராஷ்டிராவில் உப்பளத் தொழிலாளர்கள் வீடு திரும்பும்போது படகு கவிழ்ந்து இறந்தார்கள். அது எல்லோரும் போகும் பொதுப் படகு, அதனால் வேலையோடு சேராது என்று 1958-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஜூலையில் அதே நீதிமன்றம் தைவ்ஷாலா வழக்கில் வேறு மாதிரி சொன்னது. சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003-ல் வேலைக்குப் போகும் வழியில், ஆலைக்கு சுமார் 5 கி.மீ. முன்னால் விபத்தில் இறந்தார். வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் நடுவே நடக்கும் விபத்தும், நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு பொருந்தி வந்தால், வேலை விபத்துதான் என்று தீர்ப்பு. இங்கே கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

சரி, கப்பல்? அங்கே வாட்ச் முடிந்தால் போக வீடே கிடையாது. தூங்குவது, சாப்பிடுவது, குளிப்பது எல்லாம் அதே இரும்புக்குள்ளேதான். அதனால்தான் 2006-ம் வருஷக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை மணிக்கணக்கு பார்ப்பதில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஊர் திரும்பும் நாள் வரை ஏற்படும் காயத்துக்கும் நோய்க்கும் ஆகும் செலவு கப்பல் உரிமையாளர் பொறுப்பு என்கிறது. இந்தியா 2015-ல் இதை ஏற்றது. ஆனால் கப்பல் சேவைக்குச் சம்பந்தமில்லாமல் பட்ட காயம், வேண்டுமென்றே செய்த தவறு இவற்றுக்கு விலக்கு கொடுக்க நாடுகளுக்கு அதில் இடம் உண்டு. அந்த ஓட்டை வழியாகத்தான் "டியூட்டியில இல்லையே" உள்ளே வருகிறது. சாப்பிடப் போன மனுஷன் கப்பல் சேவைக்குச் சம்பந்தமில்லாதவனா? சாப்பிடாமல் அடுத்த வாட்ச் யார் பார்ப்பது?

நாம இன்ஜினியர்கள், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1923 சட்டப்படி நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டியிருந்தது. 2020-ல் நிர்ணயித்தபடி, எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அந்தச் சட்டத்தின் கணக்கில் 15,000 ரூபாய்தான் எடுக்கப்பட்டது. 30 வயதுக்குக் காரணி 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய். சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போனது என்று டாக்டர் சொன்னால் 7,48,728 ரூபாய். மாமா வாங்கியது இதில் கால்வாசிகூட இல்லை. 'முழுத் தீர்வு' என்று இங்கிலீஷில் இருந்த பேப்பரில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"ஏன் மாமா போட்டீங்க?"

"அத்தைக்கு எட்டாம் மாசம்ல. கையில காசு இல்ல."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மறுநாள் ஃபார்மை எடுத்துக்கொண்டு போய் பஸ்ஸைப் பற்றிக் கேட்டேன். "எல்லாரும் சைன் பண்றாங்க தம்பி" என்றார்கள். இன்னொரு தடவை கேட்டேன். கடைசியில் 'நிறுவனப் பேருந்துப் பயணம் உட்பட' என்று பயிற்சி நேரத்துக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார்கள். மொத்தம் பத்து நிமிஷ வேலை.

நம்மில் பலர் அப்ரண்டிஸாகப் போகப் போகிறோம். பதிவு செய்த அப்ரண்டிஸுக்குப் பயிற்சியின்போது காயம் பட்டால் இழப்பீடு உண்டு என்று 1961-ம் வருஷ அப்ரண்டிஸ் சட்டத்தின் 16-ம் பிரிவு சொல்கிறது. வெறும் இன்பிளான்ட் டிரெய்னிங் என்றால் கையில் இருக்கும் பேப்பர்தான் துணை. அதனால் கையெழுத்துப் போடும் முன்னால் படியுங்கள். அடிபட்டால் அன்றைக்கே, மணியோடும் இடத்தோடும் எழுதி வாங்கிவையுங்கள்.

கிளம்பும் நாளில் மாமா பஸ் ஸ்டாப் வரை வந்தார். அந்த சீல் வைத்த பேப்பரை ஒருமுறை கேட்டு வாங்கிப் படித்தார். மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "பத்திரம்ல" என்றார்.