'வருவாளாம்'

குழந்தையின் மழலையைக் கேட்டு மகிழாதார் இலர். ஆயினும், அம்மழலையுள் ஒவ்வொரு சொல்லும் எவ்வாறு வந்து புகுந்தது என நின்று ஆராய்வார் மிகச் சிலரே. நாமும் ஆராயாது மகிழ்ந்தே இருந்தோம். நம் தமக்கையாரின் மகள், நான்கு பிராயம் அண்மையில் நிரம்பியவள், ஈரெழுத்துச் சொல் ஒன்றால் ஒரு நாள் நம்மைத் தலைகுனியச் செய்தாள். அவ்வரலாற்றை ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

அறிந்ததை அறிந்தவாறும், ஐயுற்றதை ஐயுற்றவாறும் கூறுதற்குரிய சொற்கள் மக்கட்கு இன்றியமையாதன. நம் தமிழ் இத்துறையில் வறுமையுற்றதன்று. 'கொல்' என்னும் இடைச்சொல்லுக்கு ஐயம் என்பதையே பொருளாகத் தொல்காப்பியனார் வகுத்தார். அது பேச்சு வழக்கினின்றும் நீங்கிய பின்னரும், 'ஒருவேளை', 'போலும்' என்பனவும் ஓகாரமும் அப்பணியை ஆற்றி வருகின்றன. பிறர்வாய்க் கேட்டதென்பதை உணர்த்தும் 'ஆம்' என்பதும் இவ்வினத்ததே. 'மழை பெய்தது' என்பான் கண்டவன். 'மழை பெய்ததாம்' என்பான் கேட்டவன். 'மழை பெய்தது போலும்' என்பான் நனைந்த முற்றத்தைக் கண்டு உய்த்துணர்ந்தவன்.

இந்நுட்பத்தைக் குழந்தைக்கு எவரும் இலக்கணமாகக் கற்பிப்பதில்லை. முதற்கண் அது கதையில் வருகின்றது. 'ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தானாம்' என்று பாட்டியார் தொடங்கும்போதே, இது பாட்டியார் கண்டதன்று என்பது குழந்தையின் செவியிற் படிகின்றது. அடுத்து அது விளையாட்டில் வருகின்றது. 'நான் அம்மாவாம், நீ பாப்பாவாம்' என்று தோழியர் இருவர் திண்ணையில் ஆடுங்கால், உள்ளதற்கும் உள்ளதாகக் கொள்வதற்கும் இடையே அச்சொல்லே வரம்பாகின்றது. அதன் பின்னரே அன்றாட வாழ்க்கையில் அது தட்டுத்தடுமாறி நுழைகின்றது. நம் மருமகள் ஒரு நாள் பாலைக் கொட்டிவிட்டு, "பூனை கொட்டிச்சாம்" என்றாள். "யார் சொன்னது?" என வினவினோம். "பூனைதான்" என்றாள். அச்சொல் பொறுப்பைப் பிறர்மேல் ஏற்றும் என்பதை அவள் அறிந்திருந்தாள். எவர்மேல் ஏற்றுவது என்பதைத்தான் இன்னும் அறிந்திலள்.

1989ஆம் ஆண்டில் மூர், பிரையன்ட், பரோ என்னும் உளநூலார் மூவர், ஆங்கிலம் பேசும் சிறுவரிடத்து இதனை ஒத்ததொன்றைச் சோதித்து வெளியிட்டனர். மிட்டாய் இரு பெட்டிகளுள் ஒன்றில் ஒளித்து வைக்கப்படும். ஒரு பொம்மை, 'இப்பெட்டியில் உள்ளது என அறிவேன்' என்னும். மற்றொன்று, 'அப்பெட்டியில் உள்ளது என எண்ணுகிறேன்' என்னும். மூன்று பிராயத்தார் இவ்விரண்டினையும் வேறுபடுத்தி உணர்ந்திலர்; நான்கு பிராயத்தாரோ 'அறிவேன்' என்றதன் சொல்லையே நம்பத் தலைப்பட்டனர். எனவே, அப்பருவத்திலேயே குழந்தை நம் சொல்லின் உறுதியை நிறுக்கத் தொடங்கிவிடுகின்றது.

நம்மையும் அவ்வாறு ஒரு குழந்தை நிறுத்தது. தமக்கையார் நோயுற்று நகரத்து மருத்துவசாலையொன்றில் சேர்க்கப்பட, குழந்தை நம் இல்லத்தில் விடப்பட்டாள். முதல் இரவு, "மாமா, அம்மா எப்ப வருவா?" என்று கேட்டு உறங்க மறுத்தாள். அறுவை சிகிச்சை கூட இன்னும் நடைபெறவில்லை என்பதை அறிந்திருந்தும், "நாளைக்குக் காலையிலே வந்துவிடுவாள், கண்ணே" என்றோம். விடிந்ததும் அவள் எதிர்வீட்டுப் பாட்டியாரிடம் ஓடி, "இன்னிக்கு அம்மா வந்துடுவா!" என்று பெருமையுடன் அறிவித்தாள். அன்று தாய் வரவில்லை. இரண்டாம் இரவும் நாம் அம்மொழியையே கூறினோம். மூன்றாம் இரவும் அதுவே.

நான்காம் நாட் காலை, அப்பாட்டியார் வாயிலில் நின்று, "உன் அம்மா எப்போடி வருவா?" என்றார். குழந்தை தலை நிமிராமல், "இன்னிக்கு வருவாளாம்" என்றாள்.

"யாருடி சொன்னது?"

"மாமாதான் சொல்றாங்க."

கதையிலும் விளையாட்டிலும் பயின்ற அச்சொல் இப்பொழுது தன் உரிய இடத்தில் செம்மையாக வந்து அமர்ந்துவிட்டது. அதனை அவ்விடத்தில் அமர்த்தியது நம் பொய்யே. முதல் நாள் 'வந்துடுவா' என்றவள் நான்காம் நாள் 'வருவாளாம்' என்றாள். இடைப்பட்ட மூன்று நாளில் நம்மையும் கதை கூறுவாருள் ஒருவராக எண்ணிவிட்டாள்.

அன்றிரவு அவளை மடிமீது இருத்தி, "எனக்குத் தெரியாது, கண்ணே. ஒருவேளை வெள்ளிக்கிழமை வரலாம்" என்றோம். சிறிது அழுதாள். பின்பு, "ஒருவேளையா?" என்றாள். "ஒருவேளைதான்" என்றோம். உறங்கினாள். வெள்ளிக்கிழமையும் தாய் வரவில்லை. பாட்டியார் இரங்கிக் கேட்டபோது, "மாமா ஒருவேளைன்னுதான் சொன்னாங்க" என்று நம் பக்கம் நின்று வழக்காடினாள்!

ஞாயிறு மாலை வண்டியினின்றும் தமக்கையார் இறங்கினார். "அம்மா வந்துட்டா!" என்று தெரு முழுவதும் கேட்கக் கூவிக்கொண்டு ஓடினாள். அக்கூவலில் 'ஆம்' இல்லை; 'ஒருவேளை'யும் இல்லை.

ஐயத்தை ஐயமாகவே கூறுதல் பேச்சின் தளர்ச்சி என்று நாம் கருதியிருந்தோம். அதுவும் வாய்மையின் ஓர் உறுப்பே என்பதை, இன்னும் அரிச்சுவடி தொடாத ஒருத்தியிடம் கற்றுக்கொண்டோம்.