தலையணை

போன மாதம் எதிர்வீட்டு மருமகளுக்கு சிசேரியன். பார்க்கப் போயிருந்தேன். வார்டுக்கு வெளியே அவள் மாமியார் மடியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "முதுகுல ஊசி போட்டிருக்காம். நாளைக்குக் காலைல வரைக்கும் தலகாணி கூடாதாம். மீறி வச்சா ஆயுசுக்கும் தலைவலிங்கறாங்க அந்த ஆயாம்மா" என்றார். புது உறை, மூலையில் சிவப்பு நூலில் ஒரு ரோஜாப்பூ. அதைப் பார்த்த மாத்திரத்தில் பழைய மார்கழி ஒன்றுக்குள் போய்விட்டேன்.

1996. அக்காவுக்குத் தலைப்பிரசவம். பக்கத்து டவுனில் ஓர் ஆஸ்பத்திரி. எனக்குக் கல்லூரி லீவு என்பதால் ராத்துணைக்கு நான். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்தார்கள். அக்கா விழித்தபடியே இருந்தாள். குழந்தையின் முதல் அழுகையைத் தன் காதால் கேட்டாள். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது அவள் குரல் மாறிவிடும்.

அன்று முழுக்க மல்லாந்தே கிடந்தாள். தலையைத் தூக்காதே என்றார்கள், தூக்கவில்லை. தண்ணீரைக்கூட நான்தான் ஸ்பூனில் வாயோரமாக விட்டேன். மறுநாள் சாயங்காலம் பால் கொடுக்க எழுந்து உட்கார்ந்தவள், "ஐயோ" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பின்மண்டையில் கயிறு கட்டிக் கழுத்து வழியாக யாரோ இழுக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். படுக்கவைத்தேன். போர்வையை இழுத்துவிடுவதற்குள் வலி போய்விட்டது. மறுபடி உட்காரவைத்தேன், மறுபடி வந்தது. படுத்திருக்கும்போது என்னோடு சிரித்துப் பேசுகிறாள். உட்கார்ந்தால் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. பார்க்கிறவர்களுக்கு அது நடிப்பு போலத்தான் தெரிந்தது. "படுத்தாப் போயிடுதுன்னா அது என்னம்மா தலைவலி? பால் கொடுக்கச் சோம்பேறித்தனம்" என்று ராத்திரி டியூட்டி நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். அம்மா, பனிக்காற்று பட்டுவிட்டது என்று காதில் பஞ்சு அடைத்துத் தலையில் துண்டு கட்டினாள். அக்கா ஒரு வாய் காபி கேட்டாள். "பச்சை உடம்புக்காரிக்குக் காபி என்னத்துக்கு?" என்று சுக்குத் தண்ணீர் வந்தது.

கடைசியில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். "தூக்கத்துல நீயே தெரியாம தலையைத் தூக்கியிருப்பே." அக்கா அதை நம்பிவிட்டாள். எட்டு நாள் வலியோடு, தன் தப்பினால்தான் வந்தது என்ற நினைப்பையும் சேர்த்துச் சுமந்தாள்.

படுத்தால் போய்விடுகிற இந்தத் தலைவலியைத் தன் உடம்பிலேயே பட்டு எழுதிவைத்தவர் ஒருவர் உண்டு. ஜெர்மனியின் வடக்கே கீல் என்றொரு துறைமுக நகரம். அங்கே அறுவை மருத்துவராக இருந்த ஆகஸ்ட் பியர், 1898 ஆகஸ்ட் 16 அன்று, கணுக்காலில் காசநோய் கண்ட ஒரு கூலித் தொழிலாளியின் முதுகுத்தண்டுக்குள் கோகெய்னைச் செலுத்தி, ஆளை மயக்காமலே ஆபரேஷன் செய்தார். குளோரோஃபாம் கொடுத்த மேஜையிலேயே உயிர் போகக்கூடிய காலம் அது. மரத்துப்போனது சரிதான், ஆனால் இப்படி ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குப் பிறகு தலைவலியும் வாந்தியும் வந்தன. ஏன் என்று அறிய பியர் தன் முதுகையே கொடுத்தார். உதவியாளர் ஹில்டபிராண்ட் ஊசியை ஏற்றினார். மருந்துக்குழாய் ஊசியோடு பொருந்தவில்லை. மருந்து சிந்திப்போனது, பியரின் தண்டுவட நீரும் நிறைய ஒழுகிவிட்டது. பிறகு இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். ஹில்டபிராண்டுக்குக் கால்கள் மரத்தன. எரிகிற சுருட்டை வைத்தும், முன்காலில் இரும்புச் சுத்தியால் அடித்தும் பார்த்தார் பியர், வலி தெரியவில்லை. அன்றிரவு இருவரும் மதுவும் சுருட்டுமாக விருந்து சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு பியர் ஒன்பது நாள் படுத்த படுக்கை. எழுந்தால் தலை வலிக்கிறது, படுத்தால் போய்விடுகிறது என்று எழுதினார். ஒழுகிய நீர்தான் காரணமாக இருக்கும் என்றும் ஊகித்தார். அக்கா சொன்னதும் அதே வார்த்தைதான். அவள் கட்டிலருகே நின்று அதைக் கேட்டுக்கொள்ள ஒருவர் இல்லை.

பியரின் ஊகம் சரி. மூளையும் தண்டுவடமும் தெளிந்த நீரில் மிதக்கின்றன. பெரியவர்களுக்கு அந்த நீர் சுமார் 150 மில்லி, எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் காபி டம்ளரில் ஒன்று. உடம்பு தினமும் அரை லிட்டர்போலச் சுரந்து பழையதை மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த நீரைச் சூழ்ந்திருக்கும் உறையில் ஊசி துளைத்த ஓட்டை மூடாமல் நின்றால் நீர் கசிகிறது. எழுந்து உட்காரும்போது, தாங்க நீர் போதாமல் மூளை சற்றே கீழே இறங்கி, தன்னைச் சுற்றியுள்ள சவ்வுகளை இழுக்கிறது. அக்கா சொன்ன கயிறு அதுதான்.

அமெரிக்காவில் வாண்டம், டிரிப்ஸ் என்ற இரண்டு மயக்க மருத்துவர்கள், 10,098 முறை முதுகில் ஊசி போட்டுக்கொண்டவர்களை விடாமல் பின்தொடர்ந்து, வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டு 1956இல் எழுதினார்கள். நூற்றுக்குப் பதினோரு பேருக்கு இந்தத் தலைவலி. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஆபரேஷன் முடிந்து ஆள் பிழைத்தால் போதும் என்றிருந்த காலத்தில், பிழைத்தவரிடம் போய் "தலை வலித்ததா?" என்று பத்தாயிரம் தடவை கேட்டிருக்கிறார்கள். எனக்கு இது ஒரு பெரிய வேலையாகப் படுகிறது.

தோழியின் மகள் மயக்க மருத்துவம் படிக்கிறாள். ஒருநாள் பிரிக்காத இரண்டு ஊசிகளைக் கொண்டுவந்து, என் பேப்பர் படிக்கும் லென்ஸை வாங்கி அடியில் வைத்துக் காட்டினாள். ஒன்றின் நுனி சாய்வாகச் சீவியிருந்தது, தச்சர் உளி மாதிரி. நுனியிலேயே துளை. இன்னொன்று சீவிய பென்சில் போலக் கூம்பி, முனை மூடியிருந்தது. துளை பக்கவாட்டில், எறும்புக் கண் அளவு. "சித்தி, முதல்ல உள்ளது குவின்கே. இது விட்டேக்கர், 1951ல வந்தது. தலைவலிக்கும் தலகாணிக்கும் சம்பந்தமில்ல. எல்லாம் இந்த நுனிலதான் இருக்கு" என்றாள். பென்சில் முனை உறையின் நார்களை விலக்கிக்கொண்டு போவதால் ஓட்டை சின்னது என்றே வெகுகாலம் சொல்லிவந்தார்கள். பிறகு மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, பென்சில் முனைதான் நார்களைக் கிழித்துப் பிசிறாக்குவதும், உளி முனை சுத்தமாக வெட்டுவதும் தெரிந்தது. பிசிறான இடத்தில் புண் ஆறும் வேலை சீக்கிரம் தொடங்கிவிடுவதால்தான் அது விரைவில் அடைபடுகிறது என்று இப்போது நினைக்கிறார்கள்.

2018இல் லான்செட் இதழில் ஒரு தொகுப்பு வந்தது. 29 நாடுகளில் நடந்த 110 ஆய்வுகள், 31,412 பேர். உளி முனை ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குத் தலைவலி. பென்சில் முனை வகையில் 4.2. இன்னொரு தொகுப்பு, காக்ரேன் குழுவினர் 2016இல் வெளியிட்டது. 24 ஆய்வுகள், 2,996 பேர். ஊசிக்குப் பிறகு அசையாமல் படுக்கவைத்தால் தலைவலி வராமல் தடுக்கலாமா என்பது கேள்வி. தடுக்கவில்லை. எழுந்து நடமாடியவர்களைவிடப் படுத்தே கிடந்தவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வந்திருந்தது.

இதைப் படித்த அன்று அக்காவுக்குப் போன் செய்தேன். "நீ தலையைத் தூக்கினதால வரலைக்கா" என்றேன். ஊசி நுனியையும் உறையின் ஓட்டையையும் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்ப நான் ஒண்ணும் பண்ணலையாடி?" என்றாள்.

வலி தாங்க முடியாதவர்களுக்கு வைத்தியமும் உண்டு. முதுகில் ஊசி ஏற்றும்போது இரத்தம் கசிந்தவர்களுக்குத் தலைவலி குறைவாக இருப்பதை ஜேம்ஸ் கோர்ம்லி என்ற மருத்துவர் கவனித்தார். நோயாளியின் கையிலிருந்தே இரண்டு மூன்று மில்லி இரத்தம் எடுத்து, முதுகில் உறைக்கு வெளியே செலுத்திப் பார்த்தார். ஏழு பேர், 1960இல் அதை எழுதினார். இப்போது 20 மில்லிபோலச் செலுத்துகிறார்கள். அந்த இரத்தம் உறைந்து ஓட்டையை அடைக்கிறது. அழுதுகொண்டு படுத்திருந்தவர் சில நேரம் அரை மணிக்குள் எழுந்து உட்கார்ந்துவிடுவதைத் தோழியின் மகள் பார்த்திருக்கிறாள். லேசான வலிக்கு மாத்திரையும், கஃபீனும். கஃபீன் என்றதும் எனக்கு மனசு கலங்கியது. அக்கா கேட்டது ஒரு வாய் காபி.

அக்காவுக்கு இப்போது இடுப்பு வலி. அதற்கும் முதுகு ஊசியைத்தான் சொல்லுவாள். நம் ஊரில் சிசேரியன் ஆன பெண்கள் பாதிப்பேர் சொல்வது. பர்மிங்ஹாமில் பிரசவித்த 11,701 பெண்களிடம் கேட்டு 1990இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் எபிடியூரல் மருந்து செலுத்திக்கொண்டவர்களுக்கு நாள்பட்ட முதுகுவலி அதிகம் என்று தெரிந்தது. அக்கா பக்கம் நியாயம் என்றே அப்போது தோன்றியிருக்கும். ஆனால் அது பல வருஷம் கழித்து ஞாபகத்தை நம்பிக் கேட்டது. பிறகு இங்கிலாந்திலேயே 369 பெண்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்து, எபிடியூரல் ஒரு பக்கம், வேறு வலி நிவாரணம் ஒரு பக்கம் என்று திட்டமிட்டு ஆராய்ந்தார்கள். 2002இல் முடிவு வந்தபோது முதுகுவலியில் வித்தியாசம் இல்லை. அக்காவுக்குப் போட்டது எபிடியூரல் இல்லை என்றாலும் ஊசி ஏறும் வழி ஏறக்குறைய ஒன்று. இதையும் சொன்னேன். "இருக்கும்டி. ஆனா அன்னிக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்றாள். அவள் சந்தேகம் முளைத்த இடம் அந்த வார்டு. "இந்த ஊசியால் சிலருக்கு இப்படித் தலைவலி வரும், உன் தப்பில்லை, போய்விடும்" என்று ஒருவர் அன்று சொல்லியிருந்தால் அவள் ஊசியை இத்தனை வருஷம் திட்டிக்கொண்டிருக்க மாட்டாள்.

போன மாதம் எதிர்வீட்டு அம்மாளிடம் தலையணையை வாங்கிக்கொண்டு போய் டியூட்டி டாக்டரையே கேட்டேன். இளம்பெண். சிரித்துக்கொண்டே, "தாராளமா வைங்க. கால் உணர்ச்சி முழுசா வந்த பிறகு சிஸ்டர் துணையோட எழுந்து உட்காரலாம்" என்றார். ரோஜாப்பூ மேலே தெரியும்படி மாமியாரே தலைக்கு அடியில் வைத்தார்.

2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் 45 சிசேரியன். இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் ஒருத்தி முதுகில் ஊசி போட்டுக்கொண்டு வருவாள். உட்கார்ந்தால் தலை வலிக்கிறது, படுத்தால் போகிறது என்று அவள் சொன்னால், பனி, சோம்பல் என்று தள்ளாமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். மயக்க மருத்துவர் வந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். காய்ச்சல், வலிப்பு, பார்வை மங்கல் சேர்ந்து வந்தாலோ, படுத்தும் வலி விடாவிட்டாலோ, ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.