காலித் தோட்டாவை நிரப்பினால் காசு மிச்சமாகுமா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள். வீட்டில் விளையாட்டுத் துப்பாக்கி சுடும் பிள்ளை இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

என்னிடம் படித்த ஒருவர் நம் பொதட்டூர்பேட்டையில் நான்கு விசைத்தறி வைத்திருக்கிறார். அவர் மகள் கல்லூரி என்.சி.சி.யில் சேர்ந்து, அங்கே சுடுவதில் கை தேறி, இப்போது சென்னையில் ஒரு கிளப்பில் பாயிண்ட் டூ டூ ரைஃபிள் பழகுகிறாள். பிள்ளை நன்றாகச் சுடுகிறாள். ஆனால் தோட்டா விலை அப்பாவின் கையைக் கடிக்கிறது. போட்டிக்கு ஏற்ற நல்ல தோட்டா எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. "சார், சுட்ட பிறகு பித்தளைக் கூடு அப்படியே தரையில் கிடக்குதாம். கூட்டி மூட்டையில் போடறாங்களாம். அமெரிக்காவுல ஒருத்தர் அதையே வீட்டுல மறுபடி நிரப்பி சுடறதை வீடியோவுல பார்த்தேன். நம்மால முடியாதா சார்?" என்று கேட்டார்.

கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. நம் ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான் இது. நெசவு செய்யும் வீட்டில் எதையும் ஒரு தடவை பயன்படுத்தி எறிந்து பழக்கமில்லை. தார்க்குச்சியில் நூல் தீர்ந்தால் குச்சியை எறிகிறோமா? மறுபடி தார் சுற்றி நாடாவில் போடுகிறோம். பாவு முடிந்தால் மிஞ்சின நூலைக்கூட முடிச்சுப் போட்டு வைக்கிறோம். அந்தக் கண்ணோடு பார்த்தால் பளபளவென்று கிடக்கும் பித்தளைக் கூடு வயிற்றெரிச்சலைத்தான் கிளப்பும்.

இன்னொன்றும் உண்டு. துப்பாக்கியைக் கையால் நிரப்புவதை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். நரிக்குறவர்கள் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியில் கூடு, தோட்டா என்று தனியாக எதுவும் கிடையாது. குழாய் வாய் வழியே மருந்து, அடைப்பு, ரவை என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கம்பியால் இடிப்பார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்த வேட்டைத் தொழில் படிப்படியாக ஒழிந்தது. ஆனாலும் "துப்பாக்கி என்றால் நிரப்பிக்கொள்ளலாம்" என்ற எண்ணம் மட்டும் மனதில் தங்கிவிட்டது.

நான் பள்ளியில் இயற்பியல் எடுத்தவன். கூடவே பல ஆண்டுகள் என்.சி.சி. பொறுப்பும் பார்த்தவன். அதனால் "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடிக்க மனம் வரவில்லை. ஏன் வேண்டாம் என்று சொன்னால்தானே பதில்? அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

தோட்டாவில் இரண்டு சாதி உண்டு. பெரிய ரைஃபிள் தோட்டாவின் அடியில், நடுவில், பொட்டு வைத்தது போல ஒரு சின்னக் கிண்ணி தெரியும். அதுதான் பிரைமர். ஊசி அதில் அடித்ததும் பொறி கிளம்பி உள்ளே இருக்கும் மருந்து எரிகிறது. இதற்குப் பெயர் சென்டர்ஃபயர். சுட்ட பிறகு இந்தக் கிண்ணியைக் கழற்றிப் புதியது பொருத்தலாம். கூடும் கனமானது. சட்டம் அனுமதிக்கும் வெளிநாடுகளில் பலர் உரிய சாதனங்களோடு நிரப்பிக்கொள்வது இந்த வகையைத்தான். நம் கணக்கில் இது தார்க்குச்சி.

பாயிண்ட் டூ டூ அப்படி இல்லை. அதன் அடியில் கிண்ணியே கிடையாது. கூட்டின் அடி விளிம்பு வெளிப்பக்கம் மடிந்து, உள்ளே பொள்ளலாக இருக்கும். பொறி கிளப்பும் ரசாயனம் அந்த மடிப்புக்குள் சுற்றிலும் இருக்கிறது. தொழிற்சாலையில் ஈரமாக இருக்கும்போதே கூட்டைச் சுழற்றி அதை விளிம்புக்குள் ஏற்றிக் காய வைக்கிறார்கள். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்குகிறது. நசுங்கினால்தான் வெடி. அதனால்தான் ரிம்ஃபயர் என்று பெயர். நசுங்க வேண்டும் என்பதற்காகவே தகட்டை மெல்லியதாகச் செய்கிறார்கள்.

ஆக, ஒரு முறை சுட்டதும் மூன்று நடக்கிறது. விளிம்பில் பள்ளம் விழுந்துவிடுகிறது. உள்ளே இருந்த ரசாயனம் எரிந்துபோகிறது. மெல்லிய தகடு ஒரு முறை அழுத்தம் தாங்கித் தளர்ந்துவிடுகிறது. கழற்றி மாற்ற அதில் பாகமே இல்லை. ஒரு முறை கிழித்த தீக்குச்சி மாதிரிதான். தீக்குச்சியை யாராவது மறுபடி மருந்தில் தோய்ப்பார்களா?

இந்த அமைப்பு நேற்று வந்ததில்லை. 1845இல் பாரிஸில் ஃபுளோபேர் என்பவர் வீட்டுக்குள் குறி பார்த்துச் சுடுவதற்காகச் செய்த சின்னத் தோட்டாவில் தொடங்கியது. 1857இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி அதிலிருந்து .22 ஷார்ட் செய்தது. இன்று உலகம் முழுக்கச் சுடும் .22 லாங் ரைஃபிள் 1887இல் வந்தது. மலிவாக, கோடிக்கணக்கில் செய்து, சுட்டு, எறிந்துவிட வேண்டும் என்பதே அதன் திட்டம். நூறு ஆண்டுக்கு மேலாகியும் அந்த அமைப்பு மாறவில்லை என்றால் காரணம் அந்த மலிவுதான்.

"அப்போ அந்த வீடியோ?" என்றார். அது பொய் இல்லை. 2013ஐ ஒட்டி அமெரிக்காவில் மக்கள் பயந்து வாங்கிக் குவித்ததால் பாயிண்ட் டூ டூ தோட்டாவுக்கே பெரும் தட்டுப்பாடு வந்தது. கடை அலமாரி காலி. அந்தச் சமயத்தில் இப்படி நிரப்பும் பெட்டிகள் அங்கே பேசப்பட்டன, விற்கவும் பட்டன. கடையில் சரக்கே கிடைக்காதபோது ஒருவர் செய்து பார்க்கும் வேலை அது. காசு மிச்சம் பிடிக்கும் வழி இல்லை.

சரி, கணக்கே போடுவோம். ஒரு கூட்டைச் சுத்தம் செய்து, பள்ளம் எடுத்து, மருந்து வைத்து, காயவிட்டு, குண்டு பொருத்த, கைவேலை மட்டும் ஒன்றுக்கு 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பழகிய கைக்கே இது குறைச்சலான மதிப்பு. ஒரு பெட்டி என்பது 50 தோட்டா. 150 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரம். ஒலிம்பிக்கில் நடக்கும் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியின் தகுதிச் சுற்றுக்கே 60 குண்டு. அதற்கு முன் குறி சரிபார்க்கச் சுடுவது தனி. ஒரு நாள் பயிற்சிக்கு 100 என்றால் ஐந்து மணி நேரம் கைவேலை. அந்த ஐந்து மணி நேரத்தில் அவர் தறி எத்தனை மீட்டர் ஓட்டும் என்று அவருக்கே தெரியும். நான் சொல்லத் தேவையில்லை.

பழைய பித்தளை விலைக்காவது ஆகுமா என்றால், ஒரு கூடு ஒரு கிராம்கூட எடை இல்லை. ஆயிரம் கூடு சேர்த்தாலும் ஒரு கிலோ தேறாது.

அடுத்தது குறி. இதுதான் அந்தப் பெண்ணுக்கு முக்கியம். 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். இந்தத் தோட்டாவின் குண்டு நொடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்காகப் போட்டால், 50 மீட்டரைக் கடக்கும் நேரத்தில் புவியீர்ப்பு அதைச் சுமார் 113 மில்லிமீட்டர் கீழே இழுக்கும். அதற்கு ஏற்றபடிதான் ரைஃபிளின் குறியைத் திருத்தி வைத்திருப்பார்கள். இப்போது அடுத்த குண்டில் மருந்து கொஞ்சம் குறைந்து வேகம் 320 ஆனது என்று வையுங்கள். இழுப்பு 120 மில்லிமீட்டர் ஆகிறது. 7 மில்லிமீட்டர் கீழே போய்விட்டது! வேகத்தில் வெறும் நூற்றுக்கு மூன்று வித்தியாசம்தான். குண்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே பத்து உண்டு என்பதால் மயிரிழையில் பத்து கிடைக்கலாம். ஆனால் கை நடுக்கத்துக்கும் காற்றுக்கும் மூச்சுக்கும் என்று இருந்த இடம் அத்தனையையும் அந்த மருந்தே தின்றுவிட்டது. பிள்ளை சரியாகச் சுட்டும் ஒன்பது வரும். தப்பு தன் மீதா, தோட்டா மீதா என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. அப்படிப் பழகுவதைவிடப் பழகாமல் இருப்பதே மேல்.

இனி ஆபத்து. அந்த விளிம்பு ரசாயனம் சாதாரண மருந்து இல்லை. தட்டினால், உரசினால் வெடிக்க வேண்டும் என்பதே அதன் வேலை. கலக்கும்போது, காயும்போது, விளிம்பில் ஏற்றும்போது என்று எந்த நிலையிலும் அது வேலையைக் காட்டலாம். நம் வீடுகள் எப்படி? கூடத்தில் தறி, பக்கத்தில் பஞ்சுத் தூசி, அடுத்த அறையில் அடுப்பு, நடுவே ஓடும் குழந்தைகள். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் செத்த நாள். தினம் மருந்தோடு புழங்கும் ஊரிலேயே அந்தக் கதி. வீட்டுப் புறக்கடையில் முதல் முறை செய்கிறவர் நிலை என்ன? சுடும் பிள்ளைக்கு மூலதனமே இரண்டு கண்ணும் பத்து விரலும்தான். தோட்டாவில் மிச்சம் பிடிக்கப் போய் அந்த மூலதனத்தையே பணயம் வைப்பதா?

அப்படியே செய்து முடித்தாலும் துப்பாக்கிக்குள் போக வேண்டுமே. ஏற்கெனவே நசுங்கித் தளர்ந்த விளிம்பு கிழிந்தால் சூடான வாயு பின்பக்கம் வரும். பின்பக்கம் இருப்பது அவள் கன்னம்.

கடைசியாகச் சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ தயாரிக்கக் கூடாது. தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் கருவிகளும்கூட அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் வரை போகலாம். "பிள்ளை விளையாட்டுக்குத்தான் செய்தேன் ஐயா" என்றால் எந்த நீதிமன்றமும் விடாது. வழக்கு ஒன்று வந்தால் அவள் விளையாட்டும் போச்சு, வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பும் போச்சு. அந்தப் பெட்டியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா என்று யோசிப்பவருக்கும் இதுதான் பதில்.

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். சுட்டு முடித்ததும் காலிக் கூடுகளை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மொத்தக் குழுவும் புல்லில் மண்டியிட்டுத் தேடும். "என்னிடம் தோட்டாவோ காலிக் கூடோ இல்லை" என்று ஒவ்வொருவரும் சொன்ன பிறகுதான் மைதானத்தை விட்டு நகரலாம். அப்போது பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். காலிக் கூட்டுக்கே இவ்வளவு கணக்கு என்றால் நிரப்பின கூட்டுக்கு என்னவென்று இப்போது புரியும்.

சரி, ஏழை வீட்டுப் பிள்ளை என்னதான் செய்வது? வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவது வாத்தியாருக்கு அழகில்லை.

முதல் வழி, 10 மீட்டர் ஏர் ரைஃபிள். இதில் மருந்தே இல்லை, காற்றுதான். ஈய ரவை பாயிண்ட் டூ டூவோடு ஒப்பிட்டால் மிக மலிவு. துளை .177க்கு மேல் போகாமல், விசை 20 ஜூலுக்கு மேல் போகாமல் இருந்தால் உரிமமும் தேவையில்லை. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதில்தான். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பேர் வாங்கியதும் இதில்தான். நிற்கும் நிலை, மூச்சு, விசை இழுக்கும் விரல் எல்லாம் இங்கே பழகினால் அங்கேயும் கைகொடுக்கும்.

இரண்டாவது, தோட்டா இல்லாத பயிற்சி. துப்பாக்கி காலியா என்று இரண்டு தடவை பார்த்து, பயிற்சியாளர் மேற்பார்வையில், குறி பிடித்து விசை இழுத்துப் பழகுவது. பெரிய வீரர்களும் தினம் செய்வது இது. செலவு பூஜ்யம். பாயிண்ட் டூ டூ ரைஃபிளில் இதற்கான போலித் தோட்டா உள்ளே இருக்க வேண்டும். இல்லையென்றால் சில துப்பாக்கிகளில் ஊசி இரும்பு விளிம்பிலேயே அடித்துக் கெடுத்துவிடும்.

மூன்றாவது, என்.சி.சி.யும் கிளப்பும் தரும் வழிகள். என்.சி.சி.யில் தோட்டா அரசுடையது. மாவலங்கர் பெயரில் நடக்கும் அகில இந்தியப் போட்டி வரை அதன் வழியாகப் போகலாம். 2024இல் பாரிஸில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அவர் சுட்டது இதே பாயிண்ட் டூ டூ வகைதான். கோலாப்பூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய விளையாட்டு இது என்று யாரும் எண்ண வேண்டாம்.

என் மாணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ காலிக் கூட்டுக்கு மதிப்பே இல்லையா சார்?" என்றார். "அது வேலையை முடித்துவிட்டது. முடித்ததை மதித்து விட்டுவிடு" என்றேன். சிக்கனம் நம் ஊரின் நல்ல குணம். எதை மறுபடி சுற்றலாம், எது ஒரு முறையோடு முடிந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதும் அந்தக் குணத்தில் சேர்ந்ததுதான்.

ஒரு வேண்டுகோள். தாத்தா காலத்துத் துப்பாக்கி, துருப்பிடித்த தோட்டா என்று பரணில் எதுவும் கிடந்தால் குடைந்து பார்க்காதீர்கள். குழந்தை கையில் சிக்கவிடாதீர்கள். அருகில் உள்ள காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி முறைப்படி ஒப்படையுங்கள். பழையது என்பதால் வெடிக்காது என்று எந்தத் தோட்டாவும் வாக்குக் கொடுக்கவில்லை.

சுடும் விளையாட்டில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். செலவைக் குறைக்க நல்ல வழி யாருக்காவது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். நாலு பேருக்கு உதவும்.